தட்டிய பிறகு பேசிய நாலு வாக்கியம்

போன வாரம் என் மகள் ஜீவிதா எங்கள் வீட்டு ஹாலில் போட்ட குண்டின் புகை, ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டி சேலையூர் ஏரி வரை பரவி, அங்கே கொக்குகள் எல்லாம் இருமிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

"பிரிட்டோ மாமா வராம நான் சர்ச் படி ஏற மாட்டேன்பா. காலேப்கிட்டயும் சொல்லிட்டேன். அவனும் ஓகேன்னுட்டான்."

காலேப்தான் மாப்பிள்ளை. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். இவள் எதைச் சொன்னாலும் ஓகே என்பான்; குடும்பத்துக்கு ஏற்ற பிள்ளை. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள். பத்திரிகை அடித்தாயிற்று.

பிரிட்டோ என் மனைவி அமலராணியின் ஒரே அண்ணன். கீழ்க்கட்டளையில் வீடு. எங்கள் வாசலிலிருந்து பதினோரு கிலோமீட்டர். அதைக் கடக்க எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. மேடவாக்கம் டிராபிக் அப்படி என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையான காரணம் நான்.

அதைச் சொல்ல 1983-க்குப் போக வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு தகர ஷெட். தேங்காய் நாரை அடைத்து மேலே தார்ப்பாலின் தைத்த பாய். அங்கேதான் மெர்வின் மாஸ்டர் எங்களுக்கு ஜூடோ சொல்லித் தந்தார். குத்து, உதை கிடையாது. சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போடுவது, விழுந்தவனை அமுக்குவது, கழுத்தை நெரிப்பது. மற்றபடி மிகவும் சாந்தமான கலை.

பிரிட்டோவும் அமலாவும் எனக்கு எட்டு மாசம் முன்னால் சேர்ந்தவர்கள். ஆகவே அமலா என்னைவிட இரண்டு வயசு சின்னவளானாலும் எனக்கு சீனியர். முதல் நாள் அவள் என்னைத் தூக்கிப் போட்டபோது நான் ஆகாயத்தில் இருந்த நேரத்துக்குள், பக்கத்தில் போன செங்கல்பட்டு லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணி முடித்துவிட்டேன். இருபத்தேழு பேர். அதில் ஒருவர் எனக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

விழுந்தவன் எழுந்து, போட்டவருக்குக் குனிந்து நன்றி சொல்ல வேண்டும். அன்று சொன்னேன். ஒன்பது வருஷம் கழித்து அவளையே கட்டிக்கொண்டு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாஸ்டருக்குப் பாயில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதில் பெரிய அக்கறை இல்லை.

"உள்ள எவனும் மரியாதையாத்தான்டா இருப்பான். எதிராளி கையில அவன் கழுத்து கீது. வெளியில போய் எப்டி நடந்துக்கறான்னு பாக்கணும்" என்பார்.

அதனால் வெளியிலும் நடந்துகொண்டோம். செருப்பை எங்கே விட்டாலும் வாசலைப் பார்த்துத் திருப்பி விட்டோம். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டருக்குக் குனிந்தோம்; அவர் பயந்து எங்களுக்கு மட்டும் சில்லறை சரியாகக் கொடுத்தார். டீக்கடையில் சீனியர் கிளாஸை எடுக்கும் வரை ஜூனியர் கிளாஸைத் தொடக் கூடாது. பிரிட்டோ ஆறவைத்துக் குடிக்கிற ஆள். நான் மூன்று வருஷம் ஆறிய டீதான் குடித்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. அமுக்கிப் பிடித்திருக்கும்போது கீழே இருப்பவர் பாயிலோ உன் உடம்பிலோ இரண்டு முறை தட்டினால், விட்டுவிட வேண்டும். அந்த நொடியே. 'இன்னும் கொஞ்சம்' என்பதெல்லாம் கிடையாது. தட்டியும் விடாதவன், எல்லார் முன்னாலும் எதிராளிக்கு எதிரே மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிய வேண்டும். எதிராளியும் மண்டியிட்டு அதேபோலக் குனிந்தால் கணக்குத் தீர்ந்தது. அதுவரை தலையைத் தூக்கக் கூடாது.

கல்யாணமானதும் இந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்தோம். சண்டை முற்றும்போது யார் மேஜையில் இரண்டு முறை தட்டினாலும், மற்றவர் பாதி வார்த்தையில் நிறுத்தியாக வேண்டும். நான் தட்டித் தட்டி, எங்கள் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து சன்மைக்கா உரிந்து, மரம் தெரிந்து, இப்போது மரமும் தேய்ந்து கீழே படுத்திருக்கும் பூனை தெரிகிறது.

அந்த மேஜையில்தான் அது நடந்தது.

2006. என் மாமியார் ஞானம்மாள் இறந்து ஒரு வருஷம். நினைவு நாள் சாப்பாடு எங்கள் வீட்டில். அதற்கு முந்தைய வருஷம் பிரிட்டோ திருச்சியில் ஒரு போட்டிக்கு ரெஃப்ரியாகப் போயிருந்தார். அவர் மனைவி ஜாஸ்மின், தன் அம்மாவைப் பார்க்க நாசரேத் போயிருந்தாள். அன்று இரவு அவர்கள் வீட்டில் தனியாக இருந்த அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து, விடியும் வரை அங்கேயே கிடந்தார். பத்து நாளில் போய்விட்டார்.

இலை போட்டு அத்தையின் வஞ்சிர மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ திருச்சிக்குப் போயிற்று. எப்படியோ என்ன, நான்தான் கொண்டுபோனேன்.

பிரிட்டோ தலை நிமிராமல், இலைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினார்.

எனக்குக் கேட்டது. நான் விடவில்லை.

"கப்பு குடுக்கப் போனியே, அத்தைக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்க ஆள் வெச்சியா? ராத்திரி பூரா ஈரத் தரையில கெடந்தாங்க. காலையில பால்காரன்தான் பாத்தான், பெத்த புள்ள பாக்கல. நீ தனியா வுட்டுட்டுப் போனதாலதான் அவங்க செத்தாங்க."

அந்த ரயில் ஜன்னல் கணக்கில் பத்துப் பதினைந்து முன்னே பின்னே இருக்கலாம். இது நாலே வாக்கியம்தான். பத்து வயசு ஜீவிதா மாமாவின் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எண்ணியிருக்கிறாள். போன வாரம் ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினாள்.

பிரிட்டோ இலையை மூடிவிட்டு எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அமலா ரசச் செம்போடு சமையலறை வாசலில் நின்றாள்.

ஆக, இந்த சனிக்கிழமை கீழ்க்கட்டளைக்குப் போவது என்று முடிவாயிற்று. ஜீவிதா மாமாவுக்கு போன் போட்டு, "அப்பா வர்றாரு மாமா" என்றாள். "வரட்டும்" என்றாராம். அவ்வளவுதான்.

விடிகாலையிலேயே படுக்கையறையில் பெட்ஷீட்டை மடித்துப் போட்டு ஒத்திகை பார்த்தேன். முதலில் இடது முழங்கால், பிறகு வலது. இரண்டு கை. நெற்றி. இறங்குவதற்கு அரை நிமிஷம். எழுந்திருப்பதற்குள் பக்கத்து வீட்டில் இட்லி வெந்து, சாப்பிட்டு, கைகழுவும் சத்தமும் கேட்டுவிட்டது.

ஜீவிதா கதவில் சாய்ந்து சிரித்தாள். "நின்னுகிட்டே குனிங்கப்பா, போதும். கல்யாணத்துக்கு ஆம்புலன்ஸ்ல வரப் போறீங்களா?"

"நின்னுகினு குனியறது குட் மார்னிங் சொல்றதுக்கு. நான் பண்ண வேலைக்கு மண்டி போட்டே ஆவணும்."

அமலா தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, "ஏங்க, நீங்க வேணாம். நான் மட்டும் போயிட்டு வரேனே" என்றாள்.

"தட்டினப்புறம் வுடாதவன் நானு. நீ போயி இன்னா பண்ணுவ?"

"அது இல்லங்க..."

"பயப்படாத. முட்டி போனா போவுது. திருமுடிவாக்கத்துல நான் பாக்காத இரும்பா? வெல்டிங் வெச்சிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்து, இதே மாதிரி ஜோக்குகளால் ஒரு தலைமுறை வெல்டர்களைச் சிரிக்க வைத்தவன் நான். இவள் சிரிக்கவில்லை. என் முழங்காலை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று பூரித்துப்போனேன்.

தெருமுனை ஸ்டாண்டிலிருந்து எழில் ஆட்டோவைக் கொண்டுவந்தார். என் வயசுக்காரர், வாய் மட்டும் இருபது வயசு. நான் வழக்கம்போல ஏறுமுன் குனிந்தேன். அவர் வழக்கம்போலத் தலையில் அடித்துக்கொண்டார்.

செம்பாக்கம் தாண்டி மேடவாக்கம் ஜங்ஷனில் ஒரு கார்க்காரர் எங்களை உரசுவது மாதிரி வந்து, கண்ணாடியை இறக்கி, என் பரம்பரையைப் பற்றிச் சில தகவல்கள் சொன்னார். நான் அவருக்கும் குனிந்தேன். அவர் குழம்பிப்போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இன்னா சார், அவன் இடிக்கறா மாரி வந்துகினு திட்றான். நீ கும்புட்டுகினு கீற?"

"பழக்கம்பா."

"அப்டியே சிக்னலுக்கும் ஒரு கும்புடு போடு, பச்சை வுழுதா பாப்போம்."

போட்டேன். விழுந்தது. எழில் அதற்குப் பிறகு கோவிலம்பாக்கம் வரை வாயைத் திறக்கவில்லை. அமலா மடியில் பத்திரிகைக் கவரை வைத்து, அதன் மஞ்சள் நுனியைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

பிரிட்டோ வீட்டு கேட்டை எழிலே திறந்துவிட்டார். நான்கு படி. மேல்படியில் மூன்று ஜோடி செருப்பு.

மூன்றும் தெருவைப் பார்த்துத் திருப்பி விடப்பட்டிருந்தன. நூல் பிடித்த மாதிரி. எனக்கு அந்தத் தகர ஷெட் வாசல் ஞாபகம் வந்துவிட்டது. மழை நாளில் நாற்பது ஜோடி செருப்பு வரிசையாக நனையும். ஒன்றாவது மாறியிருந்தால் மாஸ்டர் எல்லாரையும் முதலிலிருந்து உள்ளே வரச் சொல்வார். பிரிட்டோதான் கடைசியாக நின்று சத்தம் போடாமல் எல்லார் செருப்பையும் சரி செய்துவிட்டு வருவார். என்னுடையது எப்போதும் கோணல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் செருப்பைத் திருப்பி வைத்தேன். கோணலாகத்தான் வந்தது.

"வா" என்று குரல் வந்தது.

பிரிட்டோ ஹால் நடுவில் நின்றிருந்தார். தலை முழுக்க வெள்ளை. எண்பத்தாறில் பாயில் நிற்கும்போது பனைமரத்தை நட்டது போல நிற்பார். நான் இரண்டு வருஷம் பிடித்து இழுத்தும் ஒரு மட்டை கூட ஆடியதில்லை. இப்போது ஒரு கை நாற்காலி முதுகில் இருந்தது.

பேச ஆரம்பித்தால் ஏதாவது ஜோக் சொல்லிவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயம். ஒன்றும் பேசாமல் இறங்கினேன். இடது முழங்கால். வலது. வெல்டிங் விட்டுப்போகிற சத்தம் ஒன்று கேட்டது. இரண்டு கை. நெற்றி டைல்ஸில் பட்டது. பினாயில் வாசனை.

"தட்டினப்புறம் வுடல மச்சான். தப்பு என்னுது."



அவர் மண்டியிடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. என் மூக்கிலிருந்து ஓர் அங்குலத்தில் ஓர் எறும்பு போயிற்று. அதன் மொத்தக் குடும்பமும் போயிற்று. கல்யாண ஊர்வலம் என்று நினைக்கிறேன். அவர் பாதம் இரண்டும் நின்ற இடத்திலேயே இருந்தன. வாங்கிக்கொள்ள மாட்டார். ஜீவிதாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போது சமையலறையிலிருந்து காப்பித் தட்டோடு வந்த ஜாஸ்மின் அலறினாள்.

"அய்யய்யோ! அண்ணன் மயங்கி வுழுந்துட்டாரு! என்னங்க, நிக்கறீங்களே! அண்ணா, அண்ணா!"

ஒரு சொம்புத் தண்ணீர் என் பின்னந்தலையில் வந்து விழுந்தது. நான் அசையவில்லை. தலையைத் தூக்கக் கூடாது. அசையாததைப் பார்த்து இன்னொரு சொம்பு வந்தது.

"ஜாஸ்மின், நிறுத்து! அவன் நல்லாத்தான் கீறான். மன்னிப்பு கேக்கறான்."

"இப்டியா கேப்பாங்க? நான் செத்தே போயிட்டேன்!"

"நான் இன்னாடி பண்றது? மண்டி போடணும். டாக்டர் போடக் கூடாதுன்னுட்டாரு." குரல் தாழ்ந்தது. "சிங்கு, மார்ச்ல ரெண்டு முட்டியும் மாத்தியாச்சிடா. ஸ்டீலு."

தனசிங் என்ற என் பெயரை அப்படி அழைக்கிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பத்தொன்பது வருஷமாக அந்தப் பெயர் சும்மா கிடந்தது.

"எனக்கு யாரும் சொல்லலியே மச்சான்" என்றேன் டைல்ஸிடம்.

"யார் சொல்லுவா?"

நாற்காலி இழுபடும் சத்தம். அவர் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் வைத்து, மெதுவாகக் குனிவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். "மாஸ்டர் இருந்தா நாற்காலிக்கெல்லாம் மார்க் குடுக்க மாட்டாரு" என்று முனகினார்.

அந்த நேரத்தில் எனக்குப் பக்கத்தில் சேலை சரசரத்தது. அமலா. அறுபது வயசு, ஒரு கை ஊன்றாமல் இறங்கினாள். எனக்கு எதிரே இல்லை, என் பக்கத்தில், அண்ணனைப் பார்த்து. நெற்றி தரையில் பட்டது.

எனக்காக அவளும் குனிகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிட்டோ பாதியில் நிமிர்ந்தார். "நீ எதுக்கு அமலா? எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரும்மா. சொல்றேன்ல."

அந்தக் குரல் எனக்குப் புதிது. அதட்டல் மாதிரியும் இருந்தது, கெஞ்சல் மாதிரியும் இருந்தது. அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

பிரிட்டோ விட்ட இடத்திலிருந்து முழுசாகக் குனிந்தார். அதற்குப் பிறகு என்னைத் தூக்கி நிறுத்தும் பணி தொடங்கியது. ஜாஸ்மின் ஒரு பக்கம், வெளியிலிருந்து ஓடிவந்த எழில் ஒரு பக்கம். பல்லாவரம் மலையைப் பெயர்த்துக் குரோம்பேட்டையில் வைக்கிற மாதிரி வேலை. பிரிட்டோ நாற்காலியில் இருந்தபடியே மேற்பார்வை பார்த்தார்.

"வலது கால் முதல்லடா! நாப்பது வருஷமா தப்பாவே எழுந்திருக்கறான் பாரு."

சிரித்துவிட்டார். நானும். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தோம்.

காப்பி வந்தது. அவர் டம்ளரை எடுத்தார். நான் காத்திருந்தேன். அவர் ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் இந்த வழக்கம் வுடலியா நீ?" என்றார்.

"சூடான காப்பி எப்டி இருக்கும்னே மறந்துபோச்சு மச்சான்."

"ஜீவிதாவுக்கு மாமன் நான் வராம வேற எவன் வருவான்? முட்டியை மாத்துனதே சர்ச் படி ஏறத்தான்னு வெச்சிக்கோ. பத்திரிகையக் குடு."

அமலா கவரை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தாங்காதபோது நான் பேசுவேன். "மச்சான், அன்னைக்கு நான் சொன்ன நாலையும் ஒண்ணொண்ணா வாபஸ் வாங்கிக்கறேன். மொதல்ல, அத்தைக்கு நீ ஆள் வெக்கலன்னு..."

"விடு சிங்கு."

"இல்ல, சொல்லியே ஆவணும்."

"அந்த ராத்திரியப் பத்தி இந்த வூட்ல பேச்சு வேணாம். எனக்காக." அவர் என்னிடம்தான் சொன்னார். ஆனால் ஜன்னலோரம் அமலா டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை.

விடைபெற்று ஆட்டோவில் ஏறினோம். கல்யாணத்தில் பிரிட்டோவை எங்கே நிறுத்துவது, என்ன கலர் சட்டை, நாற்காலிக்கு மாலை போடலாமா என்று நான் திட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருக்கோடி கூடத் தாண்டவில்லை.

"அண்ணன் ஆள் வெச்சிட்டுத்தாங்க போச்சு" என்றாள் அமலா.

"என்னது?"

"திருச்சி போறதுக்கு முன்னாடி வந்து சொல்லிச்சு. ரெண்டு நாள் அம்மாகூட ராத்திரி படுத்துக்கோன்னு. சரின்னேன்." முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். "நான் போகலங்க."

அத்தை விழுந்த அன்று எனக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்தபோது அவள் வீட்டில் இருந்தாள், ஜீவிதாவுக்குத் தலை வாரிக்கொண்டு. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு எதுவும் தெரியாது.

"நீங்க மேஜையில அதைச் சொன்னப்ப, அண்ணன் என்னைக் காட்டிக் குடுத்துடும்னு நெனச்சேன். குடுக்கல. எழுந்து போயிடுச்சு. நானும் வாயத் தொறக்கல. இன்னிக்கு நீங்க மண்டி போட்டுத் தண்ணியில நனைஞ்சிகிட்டு..." நிறுத்தினாள்.

அவர் அன்று தட்டியது தனக்காக இல்லை. தன் தங்கையின் கழுத்துக்காகத் தட்டியிருக்கிறார்.

"ஏன் போகல அமலா?"

அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில் பார்க்காத பார்வை. நான் ஜோக் சொல்வேன் என்று பயந்தவள் மாதிரி.

"வண்டிய நிறுத்துங்கண்ணா" என்றாள் எழிலிடம். "முதல்ல அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரேன். அப்புறம் உங்ககிட்ட சொல்றேன்."

இறங்கி வந்த வழியே நடந்தாள்.

போன் அடித்தது. ஜீவிதா.

"அப்பா! மாமா வர்றாரா?"

"வர்றாரும்மா."

அவள் போட்ட கூச்சலில் எழில் திரும்பிப் பார்த்தார். "சூப்பர்ப்பா! அம்மாகிட்ட குடுங்க, அம்மாகிட்ட குடுங்க."

அமலா கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பிரிட்டோ படி வரைக்கும் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா மாமா வீட்லயே இருக்காம்மா. கொஞ்சம் பேசணுமாம்."

"பாத்தீங்களா, அண்ணனும் தங்கச்சியும் சேந்ததும் உங்களைக் கழட்டி விட்டுட்டாங்க!"

"ஆமாமா" என்று சிரித்து வைத்தேன்.

"சார், கெளம்பலாமா? இல்ல நிக்கணுமா?" என்றார் எழில்.

"இன்ஜின ஆஃப் பண்ணுப்பா" என்றேன்.